குவைத்தில் இல்லாத ஒருவர்

1

நான் இங்கிலாந்தில் இந்தக் கடற்கரை ஊருக்கு வந்து மூன்று வருடம் முடிந்ததற்குப் போன செவ்வாய்க்கிழமை கேக் வெட்டினார்கள். முதியோர் இல்லத்தின் சாப்பாட்டு அறையில், மதிய மாத்திரை கொடுத்து முடித்த பிறகு. ட்ரேசிதான் வாங்கி வந்திருந்தாள். என்னோடு வேலை பார்க்கும் உதவியாளர் அவள், இந்த ஊர் வெள்ளைக்காரி. கேக்கின் மேல் சர்க்கரையில் மூன்று என்று எழுதி, பக்கத்தில் ஒரு யானையும் வரைந்து வாங்கி வந்திருந்தாள். எங்கள் செஞ்சியில் யானையா இருக்கிறது? கோட்டையும் குரங்கும்தான் இருக்கிறது. சரி, பிரியமாகச் செய்கிறாளே என்று கைதட்டினேன்.

அன்றைக்குக் காலையில்தான் விசா அலுவலகத்திலிருந்து மெயில் வந்திருந்தது. என் மகள் யாழினியின் விண்ணப்பத்தை இரண்டாவது முறையாக நிராகரித்துவிட்டார்கள். அதை யாரிடமும் சொல்லவில்லை. கேக்கை வாயில் போட்டேன். பாத்ரூமுக்குப் போய்த் துப்பிவிட்டு, முகம் கழுவிக்கொண்டு வந்து, பதினான்காம் நம்பர் அறைத் தாத்தாவுக்குக் கட்டு மாற்றினேன்.

யாழினிக்குப் பன்னிரண்டு வயது. செஞ்சியில் என் தங்கை கௌரியோடு இருக்கிறாள். நான் விட்டுவிட்டு வந்தபோது ஒன்பது. "ஆறே மாசம்டி, வந்து கூட்டிக்கினு போயிடறேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன். அந்த ஆறு மாதம் மூன்று வருடமாகி, கேக்காகவும் ஆகிவிட்டது.

ஊரில் இருந்துகொண்டு இதைப் படிப்பவர்கள், வெளிநாட்டுக்காரன் சட்டம் போட்டு என் பிள்ளையைத் தடுக்கிறான் என்று நினைப்பீர்கள். நானும் அப்படித் திட்டிவிட்டுப் போய்விடலாம், சுலபம். ஆனால் கூத்தைக் கேளுங்கள். என் பிள்ளையைத் தடுத்து நிறுத்தியது நான் சொன்ன ஒரு பொய். செஞ்சியில் வாடகைக்கு வீடு பிடிப்பதற்காகச் சொன்ன பொய்.

2

செஞ்சியை ஒட்டிய சிங்கவரத்துக்குப் பக்கத்தில் ஒரு காலனி எங்களுடையது. எங்கள் நைனா அடுத்தவர் நிலத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்கித்தான் எங்கள் இரண்டு பேரையும் படிக்க வைத்தார். நான் நர்சிங் முடித்து விழுப்புரத்தில் வேலை பார்த்தபோது ஒருவரைக் காதலித்தேன். அவர் ஊர்த்தெருக்காரர், நிலம் உள்ள குடும்பம். இரண்டு வீட்டிலும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்று தெரியும். ஒரு அமாவாசை நாளில் மேல்மலையனூருக்கு ஸ்பெஷல் பஸ்ஸில் போனோம். அத்தனை ஜனத்துக்கு நடுவில் எங்களை யார் பார்க்கப் போகிறார்கள்? அங்காளம்மன் சந்நிதிக்கு வெளியே ஒரு ஓரமாக நின்று மஞ்சள் கயிறு கட்டினார். சாட்சி இல்லை, பதிவு இல்லை, ஒரு போட்டோகூட இல்லை. அம்மனே சாட்சி என்றார். நானும் பூரித்துப்போய் நின்றேன், என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

யாழினிக்கு ஒன்றரை வயதானபோது அவர் வீட்டு ஆட்கள் காரில் வந்தார்கள். அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை, ஒரு தடவை வந்து பார்த்துவிட்டுப் போ என்றார்கள். போனவர் போனவர்தான். ஒரு வருடம் கழித்து அவருக்குச் சொந்தத்திலேயே பெண் பார்த்துக் கல்யாணம் செய்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். அவலூர்பேட்டையில் விதைக்கடை வைத்திருக்கிறார். செஞ்சியிலிருந்து பஸ் ஏறினால் ஒரு மணி நேரம்கூட ஆகாது.

அப்போது நானும் கௌரியும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு செஞ்சியில் வீடு தேடினோம். நான் ஒரு தனியார் ஆஸ்பத்திரியிலும் கௌரி ஜவுளிக்கடையிலும் வேலையில் சேர்ந்திருந்தோம். எந்த வீட்டுக்குப் போனாலும் இரண்டே கேள்விகள். முதல் கேள்வி, "எந்த ஊரும்மா? சிங்கவரத்துல எந்தப் பக்கம்?" இரண்டாவது கேள்வி, "வூட்டுக்காரரு இன்னா பண்றாரு?" முதல் கேள்விக்குப் பொய் சொல்லிப் பிரயோஜனம் இல்லை, நாலு நாளில் விசாரித்துவிடுவார்கள். இரண்டாவது கேள்விக்கு உண்மையைச் சொன்ன வீடுகளில் முகம் மாறியது. காலனிப் பெண், அதிலும் வாழாவெட்டி, கூடவே கல்யாணமாகாத தங்கை. வீட்டுக்கு யார் யார் வருவார்களோ என்று அவர்களே ஒரு கணக்குப் போட்டுக்கொண்டார்கள். ஒருவர் மட்டும் உடனே தருகிறேன் என்றார். அவர் பார்த்த பார்வையில் நாங்களே திரும்பி ஓடிவந்துவிட்டோம்.

ஏழாவது வீடோ எட்டாவது வீடோ, திருவண்ணாமலை ரோட்டில் ஒரு மாடி வீடு. கீழே வீட்டுக்கார அம்மா இருந்தார். இரண்டாவது கேள்வி வந்ததும் என் வாய் தானாகச் சொன்னது, "குவைத்துல இருக்காரும்மா. கம்பெனில டிரைவர்."

அந்த அம்மாவின் முகம் மலர்ந்ததே, அதை இன்றைக்கும் மறக்க முடியாது. காலனி என்பதைக்கூட மன்னித்துவிட்டார். "அப்போ மாசம் பொறந்தா வாடக கரெக்டா வந்துடும்" என்று சிரித்துக்கொண்டே சாவியைக் கொடுத்தார்.

3

ஒரு தடவை சொன்னதோடு நின்றிருந்தால் அது ஒரு பொய்யோடு போயிருக்கும். எங்கே நின்றது? ஆடிப் பதினெட்டுக்கு எல்லாப் பெண்களும் தாலிக்கயிறு மாற்றுவார்கள். நான் மாற்றாமல் இருந்தால் கேட்பார்கள். வருடா வருடம் புதுக் கயிறு வாங்கி, கீழ்வீட்டு அம்மா கையாலேயே கட்டிக்கொண்டேன். "அவரு நல்லா இருக்கணும்னு வேண்டிக்கோம்மா" என்பார். வேண்டிக்கொண்டேன், எப்படி வேண்டிக்கொண்டேன் என்று கேட்காதீர்கள்.

யாழினியைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது, அப்பா பெயருக்கு நேராக அவர் பெயரையும் தொழிலுக்கு நேராக "வெளிநாட்டில் வேலை" என்பதையும் எழுதினேன். தீபாவளிக்குத் தீபாவளி இரண்டு டிரெஸ் வாங்கினேன். ஒன்று அம்மா வாங்கியது, இன்னொன்று அப்பா குவைத்திலிருந்து அனுப்பியது. அப்பா அனுப்பியதைத்தான் முதலில் போட்டுக்கொள்வாள். தெருவில் நின்று வெடி வெடிக்கும்போது கேட்காதவர்களிடமும் சொல்வாள், "இது எங்கப்பா அனுப்பிச்சது."

கௌரி எவ்வளவோ சொன்னாள். "அக்கா, புள்ள கிட்ட மட்டுமாவது நெசத்த சொல்லிடு. அது பெருசா ஆவுது." நான்தான் கேட்கவில்லை. அப்பன் இருபது மைலுக்குள் இன்னொரு குடும்பத்தோடு கடை வைத்திருக்கிறான், உன்னை ஒரு நாளும் எட்டிப் பார்த்ததில்லை என்று எந்த வாயால் சொல்வது? அதைவிடக் குவைத் மேல் என்று தோன்றியது. பாசம் இருந்தும் தூரத்தில் இருக்கிற அப்பா மேல் இல்லையா? அப்படி நினைத்தேன்.

அப்புறம் ராப்பகலாகப் படித்து இங்கிலீஷ் பரீட்சை பாஸ் செய்து, இங்கே வருவதற்கு விண்ணப்பம் போட்டபோது, திருமண நிலை என்ற இடத்தில் "திருமணமானவர்" என்றே குறித்தேன். கை பழகிவிட்டது.

4

எங்கள் இல்லத்தின் டீ மேஜையில் நாங்கள் மூன்று பேர் உட்காருவோம். ட்ரேசி, ஜிம்பாப்வேயிலிருந்து வந்த கிரேஸ், நான். மூன்று பேருமே ஆண் துணையில்லாமல் பிள்ளை வளர்ப்பவர்கள்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், ட்ரேசிக்கு மூன்று பிள்ளைகள், இரண்டு அப்பாக்கள் என்று அவளே சிரித்துக்கொண்டு சொன்னபோது, நான் மனசுக்குள் ச்சீ என்றேன். செஞ்சியில் எனக்கு வீடு தராமல் கதவைச் சாத்தினார்களே, அவர்களுடைய அதே ச்சீ. யாரிடமிருந்து கற்றுக்கொண்டேனோ, அதை அப்படியே மூட்டை கட்டி எடுத்து வந்திருக்கிறேன்.

ஆனால் ட்ரேசி எதையும் மறைக்க வேண்டியதில்லை. அப்பா எங்கே என்று கேட்டால், "ஓடிப் போய்ட்டான், சனியன்" என்கிற மாதிரி ஒன்றை அவர்கள் பாஷையில் சொல்லிவிட்டு டீ குடிப்பாள். அவளுக்கு அரசாங்க வீடு இருக்கிறது. ஆனால் அந்தத் தெருப் பெயரைச் சொன்னாலே படித்த வெள்ளைக்காரர்களின் உதடு கோணிவிடுகிறது. உதவித்தொகைக்காகப் பிள்ளை பெறுகிறவள் என்று அவள் காதுபடவே பேசுகிறார்கள். கிரேஸுக்கு வேறு விதம். அவள் மகன் பள்ளிக்கூடத்தில் ஒருவனைத் தள்ளிவிட்டால் போதும், கூப்பிட்டனுப்பிக் கேட்கும் முதல் கேள்வி "அப்பா வீட்டில் இருக்கிறாரா?" என்பதுதான். அதே சண்டையில் தள்ளிய வெள்ளைக்காரப் பையனின் அம்மாவை அப்படிக் கேட்டதில்லையாம்.

என் கதை வேறு. நான் பெரியவர் ஒருவருக்குச் சாப்பாடு ஊட்டிக்கொண்டிருந்தபோது, பார்க்க வந்திருந்த அவர் மகள் பேச்சுக் கொடுத்தாள். எனக்கு இங்கிலீஷ் புரியுமா என்ற சந்தேகத்தில் ஒவ்வொரு வார்த்தையாக உரக்கச் சொன்னாள். எனக்கு மகள் இருக்கிறாள், இந்தியாவில் இருக்கிறாள் என்றேன். "அய்யோ, பெற்ற பிள்ளையை எப்படி விட்டுவிட்டு வர முடிகிறது உங்களால்?" என்றாள். உங்கள் அப்பாவுக்குக் கஞ்சி ஊட்டத்தான் அம்மா, என்று தொண்டை வரைக்கும் வந்தது. நல்ல வேளை, இங்கிலீஷில் கோபப்பட எனக்கு இன்னும் வரவில்லை.

நம் ஆட்கள் மட்டும் என்ன? இங்கே தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து பொங்கல் வைத்தார்கள். ஆசையோடு போனேன், பட்டுப்புடவை கட்டிக்கொண்டு. கம்ப்யூட்டர் வேலைக்காரர் ஒருவரின் மனைவி பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "செஞ்சியா? எங்க சித்தப்பா வீடுகூட அந்தப் பக்கம்தான். நீங்க செஞ்சில எந்தப் பக்கம்?" அடுத்தது, "சார் வரலியா?" அதே இரண்டு கேள்விகள், அதே வரிசையில், கடல் தாண்டி வந்து நிற்கின்றன.

நான் என்ன சொன்னேன் என்று நினைக்கிறீர்கள்? "அவர் குவைத்ல இருக்கார்" என்றேன்.

5

முதல் நிராகரிப்புக் கடிதம் வந்தபோதுதான் எனக்குச் சுரீர் என்றது. தாயும் தந்தையும் சேர்ந்து இங்கே இல்லாமல், தாய் மட்டும் பிள்ளையை வரவழைக்க வேண்டுமென்றால், பிள்ளைக்கு முழுப் பொறுப்பும் தாய்தான் என்று நிரூபிக்க வேண்டும். இல்லாவிட்டால் தந்தை சம்மதக் கடிதம் தர வேண்டும். நான் அனுப்பிய பள்ளிக்கூடச் சான்றிதழில் தந்தை வெளிநாட்டில் வேலை செய்கிறார் என்று இருக்கிறது. என் சொந்த விண்ணப்பத்தில் திருமணமானவர் என்று இருக்கிறது. ஆகவே தாய் மட்டுமே பொறுப்பு என்பதை ஏற்க முடியவில்லை என்று மரியாதையாக எழுதியிருந்தார்கள்.

கௌரி ஒரு நாள் லீவு போட்டுவிட்டு அவலூர்பேட்டைக்குப் போனாள், சம்மதக் கையெழுத்துக் கேட்க. விதைக்கடைக் கல்லாவில் அவருடைய மனைவி உட்கார்ந்திருந்தாளாம். அவர் எழுந்து ரோட்டுக்கு வந்து, குரலைத் தாழ்த்தி, "யாரும்மா நீ? எனக்கு இருக்கறது ரெண்டு பசங்கதான். வேற எந்தப் பொண்ணும் கெடையாது" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாராம். கௌரி பஸ் ஸ்டாண்டிலிருந்து போன் செய்து அழுதாள். "செருப்ப கழட்டி அடிச்சிட்டு வந்திருக்கணும்க்கா. கடையில கூட்டமா இருந்துச்சு, முடியல."

மிச்சம் இருந்தது ஒரே வழி. கணவனால் கைவிடப்பட்டவர் என்று தாலுகா ஆபீசில் சான்றிதழ் கொடுப்பார்கள். அவர் விட்டுப் போனபோதே எத்தனையோ பேர் அதை வாங்கச் சொன்னார்கள். கைவிடப்பட்டவள் என்று காகிதத்தில் முத்திரை குத்தி வாங்குவதா என்று ரோஷப்பட்டு விட்டுவிட்டேன். இப்போது கௌரியை விட்டு விண்ணப்பம் போட்டேன். நேரில் வந்து விசாரிப்பார்கள் என்றார்கள்.

"விசாரணைக்கு முன்னாடி யாழினிகிட்ட சொல்லிடட்டுமாக்கா?" என்று கௌரி கேட்டாள்.

"வேணாம். பெரியவங்ககிட்டதான் கேப்பாங்க. அவளுக்கு நான் நேர்ல வந்து சொல்லிக்கறேன்" என்றேன். போன வருடம் இரண்டு வாரம் லீவில் போனேனே, அப்போது சொன்னேனா? இல்லை. பஸ் ஸ்டாண்டில் என்னைக் கட்டிக்கொண்டு, "நீயும் அப்பாவும் ஒரே ஃப்ளைட்ல வரக்கூடாதா?" என்று கேட்டாள். அவளுக்குக் கரும்பு ஜூஸ் வாங்கிக் கொடுத்தேன்.

வருவாய் ஆய்வாளரும் கிராம நிர்வாக அலுவலரும் ஒரு சனிக்கிழமை காலையில் வந்தார்கள். முதலில் கீழ்வீட்டில் விசாரித்தார்கள். கீழ்வீட்டு அம்மா எனக்கு நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு ஆணித்தரமாகச் சொன்னாராம், "ரொம்ப நல்ல பொண்ணு சார். வூட்டுக்காரரு குவைத்துல இருக்காரு. வருசா வருசம் நான்தான் கயிறு மாத்தி வுடுவேன்."

மேலே வந்தார்கள். கௌரி அவர்களை உட்காரவைத்துவிட்டு டீ போட உள்ளே போனாள். ஆய்வாளர் சும்மா இருக்காமல், எதிரில் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்த யாழினியைக் கேட்டார்.

"அப்பா எங்கம்மா இருக்காரு?"

"குவைத்துல இருக்காரு சார். கம்பெனில டிரைவர்."

"போன்லாம் பேசுவாரா?"

"வாராவாரம் பேசுவாரு சார். தீபாவளிக்கு எனக்கு டிரெஸ்லாம் அனுப்புவாரு."

வாராவாரம் பேசுவார் என்பதை நான் சொல்லிக் கொடுக்கவில்லை. அது அவளாகவே சேர்த்துக்கொண்டது. கௌரி டீயோடு வருவதற்குள் அவர் எழுதி முடித்துவிட்டார். கௌரி அவர்கள் பின்னாலேயே மாடிப்படி வரைக்கும் ஓடி, "சார், புள்ளைக்குத் தெரியாது சார், நாங்கதான் அப்படி சொல்லி வளத்துட்டோம்" என்று கெஞ்சியிருக்கிறாள்.

"கொழந்த பொய் சொல்லாதும்மா" என்றாராம் அவர். "வெளிநாட்டுக்குக் கூட்டிக்கினு போவணும்னு பெரியவங்க நீங்கதான் மாத்தி சொல்றீங்க." அவர்மேல் என்ன தப்பு? கேட்டதை எழுதினார்.

சான்றிதழ் கிடைக்கவில்லை. கௌரியின் வாக்குமூலத்தையும் என் கடிதத்தையும் வைத்து மறுபடி விண்ணப்பித்தேன். கேக் வெட்டிய நாளில் அதற்குப் பதில் வந்தது.

6

மெயிலைக் கடைசியில் ட்ரேசியிடம்தான் காட்டினேன். முழுக் கதையையும் சொன்னேன். அவள் கேட்டாள், "வீடு வாடகைக்குப் பிடிக்க உனக்கு ஒரு புருஷன் தேவைப்பட்டதா?" ஆமாம் என்றேன். "அடக் கடவுளே" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளைப் பார்த்து ச்சீ என்று நினைத்தவள் நான். அந்தக் கையை விடவே மனசு வரவில்லை.

மூன்றாவது தடவை விண்ணப்பிக்க வேண்டுமானால் தாலுகா ஆபீஸில் மறுவிசாரணை கேட்க வேண்டும். மறுவிசாரணையில் யாழினி உண்மையைச் சொல்ல வேண்டும். அதற்கு முதலில் அவளுக்கு உண்மை தெரிய வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை, அங்கே மதியச் சாப்பாடு முடிந்த நேரத்தில் வீடியோவில் கூப்பிட்டேன். கௌரியைப் பக்கத்திலேயே உட்காரச் சொன்னேன். முன்பெல்லாம் யாழினி போனைப் பிடுங்கிக்கொண்டு பேசுவாள். இப்போது ஒரு வருடமாகக் கேட்டதற்கு மட்டும்தான் பதில். சாப்ட்டியா, சாப்ட்டேன். படிக்கிறியா, படிக்கிறேன்.

"யாழினி, அப்பா குவைத்துல இல்லம்மா" என்றேன்.

"வேற எங்க இருக்காரு?"

எல்லாவற்றையும் சொன்னேன். மேல்மலையனூர், காரில் வந்தவர்கள், விதைக்கடை எல்லாவற்றையும். அவள் அழவில்லை. ஜன்னல் பக்கமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த ஜன்னலில் கோட்டை மலை தெரியும்.

"அப்போ அந்த டிரெஸ்லாம்?"

"நான்தாம்மா வாங்கினேன்."

"எங்க க்ளாஸ்ல ஒருத்தி சொன்னா, உங்கப்பா குவைத்துலாம் இல்ல, உங்கம்மா புளுவுறாங்கன்னு. நான் அவள பெஞ்சோட தள்ளி வுட்டேன். மிஸ் என்ன முட்டி போட வெச்சாங்க."

நான் அழுதேன். என்னை மன்னிச்சிடுடி என்று என்னென்னவோ சொன்னேன். உனக்காகத்தான் என்றேன். அடுத்த வருடம் எப்படியும் வந்து கூட்டிக்கொண்டு போய்விடுவேன், இங்கே உனக்குப் பள்ளிக்கூடம்கூடப் பார்த்து வைத்திருக்கிறேன் என்றேன். அவள் திரையில் என் முகத்தையே பார்த்தாள். இத்தனை வருடத்தில் அவள் என்னை அப்படிப் பார்த்ததில்லை.

"அம்மா, நீ நெஜமாவே இங்கிலாந்துலதான் இருக்கியா?"

"இன்னாடி கேள்வி இது? பின்ன எங்க இருக்கேன்?"

"இல்ல, சும்மா கேட்டேன்."

நான் பதறிப்போய் எழுந்தேன். போனைத் திருப்பி ஜன்னல் வழியாகக் காட்டினேன். இதோ பார் கடல், இதோ பார் சிவப்புத் தபால் பெட்டி, இதோ பார் என் யூனிஃபார்ம், என் பெயர் போட்டிருக்கிறது பார். திருடி பிடிபட்டவள் மாதிரி ஒவ்வொன்றாக எடுத்து எடுத்துக் காட்டினேன். பெற்ற பிள்ளைக்கு நான் இருக்கும் இடத்தை நிரூபித்துக்கொண்டிருந்தேன்.

"சரிம்மா, சரிம்மா" என்றாள் யாழினி. என்னைச் சமாதானப்படுத்துகிற மாதிரி சொன்னாள். "ஒன்னும் டென்ஷன் ஆவாத. யாராவது கேட்டா எங்கம்மா இங்கிலாந்துல நர்ஸா இருக்காங்க, வாராவாரம் பேசுவாங்க, என்ன கூட்டிக்கினு போவப் போறாங்கன்னே நான் சொல்லிடறேன்."